யசோவுக்கு ஒரு ஃபுட்ரெஸ்ட்

தேதிகளை நான் மறப்பதில்லை. தங்கவயலின் ஊரிகத்தில் எங்கள் சுரங்க லைன் வீடுகளுக்கு எந்த வருஷம் கரண்டு வந்தது, எந்தப் பொங்கலன்று மழை கொட்டியது, யார் வீட்டுக் கல்யாணம் எந்தக் கிழமையில் நடந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளை என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆளை மறந்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. அதுவும் தாலி கட்டிய மனைவியை.

அது நடந்தது 1967 ஜூன் மாதம், இரண்டாவது திங்கட்கிழமை. (இந்த வரியை நான் எழுதும்போது தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த யசோ, "தேதி, கிழமையெல்லாம் கரெக்டா கீது. ஆளுதான் கொறையுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.)

அப்போது நான் தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் படம் வரைபவன். பூமிக்கடியில் எந்தப் பாதை எங்கே போய் முட்டுகிறது என்பதைத் தாளில் வரைவது என் வேலை. கீழே இறங்கிப் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மேலே, சூரிய வெளிச்சத்தில், எனக்குத் தைரியம் அதிகம். அந்தத் தைரியத்தில்தான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

சாதாரண மோட்டார் சைக்கிள் இல்லை. சீமையில் பந்தயத்துக்கென்று செய்த வண்டி. ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர், குனிந்து பிடிக்கிற மாதிரி தாழ்ந்த ஹேண்டில்பார். 1956-இல் சுரங்கங்கள் கம்பெனி கையிலிருந்து சர்க்கார் கைக்கு மாறியபோது ஊருக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போனது. அதை அவரிடமிருந்து வாங்கிய ஒரு ஷிப்ட் மேற்பார்வையாளர், தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எனக்கு விற்றார். (வண்டி ஓட்டித்தான் இடுப்பு போனது என்பதை வாங்கிய பிறகுதான் சொன்னார்.) அதில் ஒரே ஒரு சீட்டு. பந்தயத்தில் பின்னால் யாரையும் உட்கார வைத்துக்கொண்டு போவதில்லை அல்லவா?

"ஒருத்தன் மட்டும் தனியா போயி வுழுந்து சாவறதுக்குன்னே செஞ்ச வண்டி மாப்ள இது" என்றார் என் மாமனார், முதல் தடவை பார்த்தபோதே. அவர் சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்கு மணி கொடுக்கிற வேலையில் இருந்தவர். ஆளை ஏற்றி இறக்குவதிலேயே ஆயுள் போனதால், எந்த வண்டியைப் பார்த்தாலும் 'இதில் ஆள் எங்கே நிற்பான்?' என்றுதான் அவர் கண் முதலில் தேடும்.

எனக்கும் யசோதராவுக்கும் அந்த வருஷம் ஜனவரியில் ஆண்டர்சன்பேட்டையில், எங்கள் புத்த விகாரையில் கல்யாணம் ஆனது. யசோ வாத்தியார் பயிற்சி முடித்தவள். நான் வண்டியின் பின் மட்கார்டு மேல் ஒரு மெத்தை வைத்துக் கட்டி, அதையே சீட்டு என்று அறிவித்தேன். சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாகத்தானே உட்கார வேண்டும்? உட்கார்ந்தாள். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஊரிகத்திலிருந்து மாரிகுப்பம் வரை ஒரு முறை போய்வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஏங்க, தொங்கிகினே வர நான் இன்னா வௌவாலா? கால் வெக்க ஒரு எடம் போடுங்க. போட்டாத்தான் ஏறுவேன்."

கேட்டது அவ்வளவுதான். கால் வைக்க ஓர் இடம். ஒரு சாதாரண மனிதன் அன்று சாயங்காலமே ஒரு இரும்புத் துண்டைப் பற்றவைத்து முடித்திருப்பான். ஆனால் நான் படிக்கிறவன். ஆபீசர்கள் கிளப்பை ஒழித்துக்கட்டியபோது பழைய பேப்பராகப் போக இருந்த மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளை மூட்டையாக வாங்கி வந்து வரி விடாமல் படித்திருந்தேன். கால் வைக்கிற இடம் என்பது முழங்கால் மடங்குகிற கோணம், இடுப்பின் பாரம், சாலையின் குலுக்கல் எல்லாம் சேர்ந்த சங்கதி என்று எனக்குத் தெரியும். அது தெரியாமலிருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

முதலில் அளவெடுத்தேன். யசோவை முக்காலியில் உட்காரவைத்து, ஆபீசிலிருந்து கொண்டுவந்த டேப்பை வைத்து முழங்காலிலிருந்து குதிகால் வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை அளந்து தாளில் வரைந்தேன். மேலிருந்து பார்த்தால் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், குறுக்குவெட்டில் ஒரு படம். அப்போது பார்த்து மாமியார் உள்ளே வந்தார். மகள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதையும் நான் தரையில் மண்டியிட்டு டேப் பிடித்திருப்பதையும் பார்த்தார்.

"இன்னா மாப்ள, சாவுப் பொட்டி செய்யறதுக்கு அளவெடுக்கறாப்பல கீது" என்றார்.

ஃபுட்ரெஸ்ட் தேடும் படலம் அதற்குப் பிறகு ஆரம்பமாயிற்று. முதலில் ஆண்டர்சன்பேட்டை வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடதுபக்கம் ஒரு பலகை மாதிரி தகடு வெச்சி ஒட்டிடறேன். பொம்பளைங்க ரெண்டு காலும் வெச்சிக்கலாம். ஆயுசுக்கும் நிக்கும். நாளைக்கி வாங்க" என்றார்.

தகடு! என் பந்தய வண்டிக்குப் பால்காரன் சைக்கிளில் இருப்பது போல் ஒரு தகடு! "பார்த்துட்டு வரேன்" என்று நழுவினேன்.

ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் ஒரு செட்டியார் மடக்குகிற ஃபுட்ரெஸ்ட் காட்டினார். காலை வைத்தால் நிற்கும், வேண்டாதபோது மடித்துவிடலாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது நிற்கிற உயரம் என் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை. படத்தைப் பிரித்து அவர் மேஜைமேல் வைத்து விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "சார், இது யார் காலு?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் பெங்களூர். பழைய மோட்டார் சாமான் விற்கிற தெருவில் ஒரு கடை. அங்கே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஏதோ கோயில் நகை மாதிரி எடுத்துக் காட்டினார்கள். குச்சி மாதிரி, நிக்கல் பூசிய ஜோடி ஃபுட்ரெஸ்ட். அட்ஜஸ்டபிள். அடியில் சுற்றிலும் பல் வெட்டிய வட்டத் தகடு, அதோடு பல்லுக்குப் பல் பொருந்தும் இன்னொரு தகடு, இரண்டையும் சேர்த்து இறுக்க முயல்காது போல் இரண்டு காது வைத்த நட்டு. ஸ்பானர் வேண்டாம், கையாலேயே தளர்த்தி, மேலே கீழே திருப்பி, வேண்டிய பல்லில் நிறுத்தி இறுக்கிக்கொள்ளலாம்.

"ரேஸ் வண்டிக்குப் போடறது சார். ஒவ்வொருத்தர் காலுக்கும் தக்க மாதிரி வெச்சிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

என் கண்ணில் நீரே வந்துவிட்டது. இத்தனை நாள் நான் தவித்தது எந்த உயரம் என்று முடிவு செய்ய முடியாமல்தானே? இதை வாங்கினால் முடிவே செய்ய வேண்டாம்! (விலையை இங்கே எழுதப் போவதில்லை. யசோ இதைப் படிப்பாள்.)

இரண்டு உண்மைகள் அந்தக் கடையில் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று, அது ஒரு காலுக்கான ஃபுட்ரெஸ்ட். ஒருபக்கமாக உட்காருகிறவள் இரண்டு காலையும் இடதுபக்கத்து ஒரே குச்சியில்தான் வைக்க வேண்டும். இரண்டு, வலதுபக்க ஃபுட்ரெஸ்டில் உலகத்தில் யாருமே கால் வைக்கப் போவதில்லை. ஆனாலும் ஊருக்கு வந்ததும் இரண்டையும் மாட்டினேன். இடதை எந்தப் பல்லில் வைத்தேனோ வலதையும் மிகச் சரியாக அதே பல்லில் வைத்தேன். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

யசோ ஏறி உட்கார்ந்து, குச்சிமேல் இரண்டு காலையும் நெருக்கி வைத்துக்கொண்டாள். பரணில் ஏறிய கோழி மாதிரி இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டியின் சத்தம். பந்தய வண்டியின் சைலன்சர் பெயருக்குத்தான் சைலன்சர். பின்னால் இருப்பவள் காது கிழியக் கத்தினாலும் முன்னால் கேட்காது. அதற்கு வழி கண்டுபிடித்தது யசோ. அவள் கேஜ் மணிக்காரரின் மகள். அவர்கள் வீட்டில் சாப்பிடும்போதே, சோறு போதும் என்றால் தட்டில் விரலால் ஒரு தட்டு. இன்னும் போடு என்றால் இரண்டு தட்டு. சுரங்கத்து மணிக்கணக்கு அது. ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் கேஜை இறக்கு. எங்களுக்கு இறக்குவதற்கு ஷாஃப்ட் இல்லாததால், இரண்டு என்றால் 'கிளம்பு' என்று வைத்துக்கொண்டோம். டிரங்குப் பெட்டிச் சாவியால் பின் மட்கார்டில் டங் என்று ஒன்று தட்டினால் நான் நிறுத்துவேன். டங், டங் என்றால் புறப்படுவேன். சுரங்கத்தில் மூன்று அடி என்றும் ஒன்று உண்டு. ஆள் ஏறுகிறது, ஜாக்கிரதை என்பதற்கு. அது நமக்கு எதற்கு என்று நான்தான் விட்டுவிட்டேன்.

இந்த நிலையில் பெங்களூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து யசோவுக்கு இன்டர்வியூ வந்தது. தமிழ் டீச்சர் வேலை. அவளுக்கு அது சாதாரண விஷயமில்லை. அவள் குடும்பத்தில் சுரங்கத்துக்கு வெளியே சம்பளம் வாங்கியவர் அதுவரை யாருமில்லை. அந்த வாரம் முழுக்க அவள் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பாடம் நடத்திப் பழகினாள்.

"காலைல ஊரிகத்துல ரயிலு ஏறுனா நேரா பெங்களூரு. ஏத்திவுட்டு வாங்க மாப்ள, போதும்" என்றார் மாமனார்.

நான் சிரித்தேன். (இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பைத்தான் முதலில் வாயிலிருந்து பிடுங்கி எறியத் தோன்றுகிறது.) "ரயில் எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போகும் மாமா. நான் வண்டியில பங்காருப்பேட்டைக்கே கூட்டிட்டுப் போறேன். அங்க அதே ரயிலைப் பிடிக்கலாம். அவங்க இன்ஜினைக் கழட்டி ரயிலோட மறுமுனையில மாட்டறதுக்குள்ள நாங்க காபியே குடிச்சிடுவோம்."

"இன்டர்வியூ அன்னிக்கி எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் யசோ.

"ஃபுட்ரெஸ்ட் எதுக்கு வாங்கினேன்?" என்றேன். அவள் துவைக்கிற கல்லிடமே திரும்பிப் போனாள். 

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். யசோ மாம்பழ வண்ணச் சேலை. சர்டிபிகேட்டுகள் இருந்த துணிப்பையை ஹேண்டில்பாரில் மாட்டினேன். அவள் மடியில் டிபன் டப்பா. டங், டங். வண்டி உறுமியது.

லைன் வீடுகளைத் தாண்டுவதற்குள் டங் என்றது. நிறுத்தினேன்.

"குச்சி கீழ எறங்குதுங்க."

இறங்கிப் பார்த்தேன். இரண்டு காலின் பாரமும் ஒரே பக்கம். சாலைக் குலுக்கலில் ஃபுட்ரெஸ்ட் ஒரு பல் நழுவியிருந்தது. நட்டை இறுக்கினேன். கிளம்பினோம். தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டின் அருகே மறுபடி டங். இன்னொரு பல். அதற்கப்புறம் மறுபடி டங். ஒவ்வொரு முறையும் நான் இறங்கி, நட்டின் காதைத் திருகி, அது ஏன் நழுவுகிறது என்பதற்கு ஒரு காரணம் சொல்லி, பிறகு வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்ப வேண்டியிருந்தது. பந்தய வண்டி அல்லவா? அதற்கு இஷ்டமிருந்தால்தான் கிளம்பும்.

"இன்னொரு தபா நிறுத்தினா நான் நடந்தே போயிடுவேன்" என்றாள் யசோ.

பங்காருப்பேட்டைக்கு முன்னால் ரயில்வே கேட். மூடியிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. இன்ஜினை அணைத்தால் மறுபடி உதைக்க வேண்டுமே என்று ஓடவிட்டபடியே காலை ஊன்றி நின்றேன். அப்போது கூவிக்கொண்டு ரயில் வந்தது.

"அதோ போவுது நம்ம ரயிலு" என்றாள். நான் கேட்ட அவளுடைய கடைசி வார்த்தை அதுதான், அடுத்த சில மணி நேரத்துக்கு.

ரயில் தடதடவென்று கடந்தது. நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். (ஏன் எண்ணினேன் என்று கேட்காதீர்கள். ரயில் போனால் எண்ணுவேன்.) அந்தச் சத்தத்தில் யசோ, "மறுபடியும் எறங்கிட்ச்சி, நானே அடிச்சி வெக்கறேன், இருங்க" என்று என் காதருகே சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். டிபன் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, தண்டவாளத்து ஓரத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்திருக்கிறாள். தரை அதிர்ந்துகொண்டிருந்தது, பின்னால் பாரம் குறைந்ததை நான் உணரவில்லை.

கேட் மேலே ஏறியது. யசோ குனிந்து, ஃபுட்ரெஸ்டை அடியிலிருந்து மேல்நோக்கி ஓங்கி அடித்தாள்.

டங்!

டங்!

தங்கவயலில் பிறந்தவன் காதில் இரும்பு இரண்டு முறை ஒலித்தால் கை தானாக வேலை செய்யும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பான். நான் கிளச்சை விட்டேன். வண்டி பந்தயத்தில் விட்டது போல் பாய்ந்தது.

அன்றைய சவாரியில் மிக இனிமையான பகுதி அதற்குப் பிறகுதான். வண்டி காற்றாகப் பறந்தது. டங் என்ற தொல்லையே இல்லை. கடைசியில் ஃபுட்ரெஸ்ட் தன் சரியான பல்லைக் கண்டுபிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையைச் சற்றுத் திருப்பிப் பேசிக்கொண்டே போனேன். அட்ஜஸ்டபிள் என்றால் என்ன, பொறுமையாகத் தேடி வாங்கினால் என்ன பலன், தகடு வைத்து ஒட்டியிருந்தால் இந்தச் சுகம் கிடைத்திருக்குமா என்றெல்லாம் கேட்டேன். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக என் விளக்கத்துக்கு எதிர்ப்பே வரவில்லை.

ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினேன். ரயில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது, இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னபடியே!

"இறங்கு யசோ. பாத்தியா? நேரம் இருக்குன்னு சொன்னேனில்ல?"

பெட்டி தூக்குகிற ஒருவர் என்னையும் காலி மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருகிட்டங்க பேசறீங்க?" என்றார்.

திரும்பி மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கே விழுந்தாள்? எப்போது விழுந்தாள்? நான் பேசிக்கொண்டிருந்தபோதா? வண்டியைத் திருப்பினேன். சாலையோரப் பள்ளங்களையும் புதர்களையும் மாம்பழ வண்ணத்துக்காகத் துழாவிக்கொண்டே வந்தேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அதிலிருந்து கண்டக்டர் விசில் ஊதினார். யாரோ ஜன்னலில் கையை ஆட்டி என்னவோ கத்தினார்கள். வழிவிடச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் ஓரமாக ஒதுங்கிப் புதருக்குள் பார்த்தேன். அந்த ஜன்னலில் இருந்தவள் யசோ. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும், பெண்டாட்டியைப் புதரில் தேடுகிற மனிதனைப் பார்க்க ஒரு பக்கமாக எழுந்து நின்றதில் பஸ்ஸே சாய்ந்ததாம்.

கேட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"மஞ்ச சேலை அம்மாதானே? பஸ்ல ஏறிட்டாங்க."

உயிர் வந்தது. "அடி ஒண்ணும் படலையே? ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. அதையெல்லாம் நான் எப்பிடிங்க ஒங்ககிட்ட சொல்றது?"

மறுபடி பங்காருப்பேட்டைக்குப் பறந்தேன். ரயில் போய்விட்டிருந்தது. பெட்டி தூக்குகிறவர் ஓடி வந்தார். "அம்மா வந்தாங்க, ஏறிட்டாங்க. ஒங்களைத்தான் கேட்டாங்க. திரும்பிப் போயிட்டாருன்னு சொன்னேன். பையி, பையின்னு சொன்னாங்க. இன்னா பையி?"

அப்போதுதான் ஹேண்டில்பாரைப் பார்த்தேன். துணிப்பை சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எஸ்.எஸ்.எல்.சி., அவள் பயிற்சிச் சான்றிதழ், எல்லாமே அதற்குள். ஆளை விட்டுவிட்டு அவள் படிப்பை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன்!

பந்தய வண்டி வாங்கியதற்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அர்த்தம் கிடைத்தது. மாலூர் வழியாக பெங்களூருக்கு விட்டேன். ரயிலை முந்துகிற வெறி. முந்தவில்லை. வழியில் மாட்டுமந்தை, புழுதி, ஒரு இடத்தில் பிளக் அடைத்து நின்றது. கழற்றித் துடைத்து, கெஞ்சி, உதைத்துக் கிளப்பினேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: யசோ கல்லால் அடித்து வைத்த பிறகு, பெங்களூர் வரை அந்த ஃபுட்ரெஸ்ட் ஒரு பல்கூட இறங்கவில்லை. கால் வைக்க ஆள் இல்லையென்றால் அது உலகத்திலேயே மிகச் சிறந்த ஃபுட்ரெஸ்ட்.

பள்ளிக்கூடத்தை விசாரித்துக் கண்டுபிடித்து உள்ளே ஓடியபோது தாழ்வாரத்தில் யாருமே இல்லை. எல்லோரும் போய்விட்டார்கள். ஒரே ஒரு அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து யசோவின் குரல் கேட்டது. துவைக்கிற கல்லுக்கு நடத்திய அதே குரல், ஆனால் இன்னும் தெளிவாக. தொடர்ந்து சிரிப்புச் சத்தம். சர்டிபிகேட் இல்லாமல் வந்தவளைச் சிரித்து அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

நடுவில் தலைமையாசிரியை, இருபுறமும் இரண்டு பேர். கரும்பலகை அருகே யசோ, கையில் சாக்குக்கட்டி. பலகையில் ஒரு கேஜ், ஒரு மணி, கீழே 1, 2, 3 என்று எழுதியிருந்தது. நான் தலைமுதல் கால்வரை செம்மண். மூக்கில் பிளக்கின் கரி. நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்துகொண்டே உள்ளே பாய்ந்தேன்.

தலைமையாசிரியை பென்சிலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு கால் அந்தரத்தில்.

அறை வெடித்தது. ஒருவர் நாற்காலியிலிருந்து விழாத குறை. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னது முழுக்க நெசந்தாம்மா" என்றார் யசோவிடம்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. சர்டிபிகேட் எங்கே என்று கேட்டபோது யசோ மறைக்காமல் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். 'அவர் கொண்டு வந்துடுவார். ரோடு தெரியும், என்னைத்தான் தெரியாது' என்றிருக்கிறாள். சரி, கடைசி ஆளாக வாருங்கள் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் முறை வந்தபோதும் நான் வரவில்லை. 'அதுவரை ஒரு பாடம் நடத்திக் காட்டும்மா, எதுவானாலும் சரி' என்றார்களாம். சுரங்கத்து மணிக்கணக்கைப் பாடமாக எடுத்துக்கொண்டு, அது தெரிந்த ஒருவன் எப்படித் தன் மனைவியை ரயில்வே கேட்டில் விட்டுவிட்டுப் போனான் என்பதை உதாரணமாக வைத்து நடத்திக்கொண்டிருந்தாள். சரியாக அந்த இடத்தில்தான் உதாரணம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

பையை மேஜைமேல் வைத்தேன். தலைமையாசிரியை காகிதங்களைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். நான் திரும்பி வாசலை நோக்கி நடந்தேன்.

"அங்கியே நில்லுங்க! நானும் வரணும்!" என்று கத்தினாள் யசோ. வேலை கிடைத்தது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

திரும்பும்போது அவள் வண்டியில் ஏறவில்லை. ரயிலில் வந்தாள். நான் தனியாக, ஒரு சீட்டு வண்டியில், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தவிதமாகவே வந்தேன். ஊரிகம் ஸ்டேஷனில் மாமனார் காத்திருந்தார். பஸ் கண்டக்டர் மூலம் செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதுவரை என்னை ஒருமையில் அழைத்திராதவர் அவர்.

"இன்னாடா மாப்ள!" என்று ஆரம்பித்தார். "பொண்ணுக்கு யசோதரான்னு பேரு வெச்சது என் தப்புதான். வுட்டுட்டுப் போற புருசன் வருவான்னு நெனச்சிப் பாக்கல. ஆனா புத்தராவது ஞானம் தேடிப் போனாரு. நீ இன்னாத்த தேடிப் போன?"

"பங்காருப்பேட்டை, மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஆளு ஏறுனா மூணு அடிக்கணும்னு தெரியுமா தெரியாதா? மூணு கேக்காம கேஜ் ஒரு அங்குலம் நவுராது. மண்ணு ஏத்தற பக்கெட்டுக்குத்தான் வெறும் ரெண்டு. என் பொண்ணை இன்னா மண்ணுன்னு நெனச்சியா?"

"வுடுப்பா" என்றாள் யசோ. "வேலை கெடச்சிட்ச்சி."

மாமனார் அதற்குமேல் திட்டவில்லை. திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "காபி குடிக்கலாம் வாங்க மாப்ள" என்றார். 'வாங்க' திரும்பி வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஆண்டர்சன்பேட்டைப் பட்டறையில் இடதுபக்கம் தகடு வைத்து ஒட்டினேன். பட்டறைக்காரர் தகட்டைத் தயாராக வெட்டி வைத்திருந்தார்; அவருக்கும் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் தகட்டில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு யசோ தினமும் காலையில் ஊரிகம் ஸ்டேஷனுக்கு வந்தாள், அங்கிருந்து ரயிலேறி பெங்களூருக்குப் போனாள், ஓய்வு பெறும் வரை. டங், டங், டங் என்று மூன்று கேட்காமல் நான் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.

இடதுபக்க ஃபுட்ரெஸ்ட் எங்கே போனதென்று தெரியவில்லை. யாருமே கால் வைக்காத வலதுபக்கத்தது மட்டும் நிக்கல் மங்காமல் இருந்தது. அதை வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் முடுக்கினேன். யசோவின் பள்ளிக்கூடப் பை தொங்குவதற்கு. அவள் உயரத்துக்குத் தக்கபடி பல்லைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவள் முறைத்தாள். ஆனால் ஒரு பல் இறக்கித்தான் வைத்தாள்.

இப்போது எங்கள் குடும்பம் வெளியே கிளம்பினால் கார் சாவியைப் போட்டதும் யாரும் நகர மாட்டார்கள். பேத்தி கதவில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகும் அவள் அப்பா, அதாவது என் மகன், பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "அம்மா ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பான். கேள்வி அவன் அம்மாவைப் பற்றியது. பார்ப்பது என்னை.

போன மாதம் மருமகளின் தங்கை கல்யாணத்துக்குப் போனபோதும் அப்படித்தான். பேத்தி மூன்று தட்டினாள். மகன் திரும்பி, அம்மா இருப்பதை மட்டும் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். கார் தெருமுனை வரை போய்விட்டது.

நான்தான் இன்னும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

கார் ரிவர்ஸிலேயே திரும்பி வந்தது. யசோ கண்ணாடியை இறக்கி, அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கி இன்னா தேதின்னு எழுதி வெச்சிக்கோங்க" என்றாள். "கணக்கு சரியாப் போச்சி."